நின்றால் சூடேறும் பழைய லோரி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நெடுஞ்சாலையில் ஓடும்போது வெப்பமானி முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. செம்பனை ஆலை வாசலில் தராசுக்கு வரிசை பிடித்ததும் முள் மெல்ல மேலே ஏறுகிறது. கால் மணி நேரத்தில் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. வரிசை நகர்ந்து லோரி மீண்டும் ஓடத் தொடங்கினால் முள் தானாக இறங்கிவிடுகிறது.

பழைய லோரி வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிப்போன காட்சி. குலை ஏற்றும் லோரி ஆலை வாசலில் காத்து நிற்கும். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லோரி நெரிசலில் நிற்கும். கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி மொத்த விற்பனைச் சந்தையில் நிற்கும். நிற்கும் நேரத்தில்தான் கோளாறு முகம் காட்டும். ஓடினால் சரியாகிவிடுகிறதே என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுவதன் விலை பெரியது. எஞ்சின் ஒருமுறை அளவு மீறிச் சூடானாலே சிலிண்டர் ஹெட் வளையலாம், ஹெட் கேஸ்கட் கருகலாம். ஒரு பெல்ட்டோடும் ஒரு மூடியோடும் முடிய வேண்டிய செலவு, ஹெட்டைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பும் செலவாக மாறும். ஒரே லோரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பல நாள் வருமானம் நின்றுபோவதாகும். வெட்டிய குலையைக் கூடிய மட்டும் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலத்தன்மை கூடித் தரம் குறையும். ஆகவே லோரி வழியில் படுத்தால் இழப்பு லோரிக்காரரோடு நிற்பதில்லை.

இசுசு, ஹீனோ, மிட்சுபிசி கேன்டர் போன்ற பழைய டீசல் லோரிகளை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. கணினி இல்லாமல், இயந்திர முறை டீசல் பம்ப்பில் ஓடும் எஞ்சின்கள் இவை. ஆகையால் சோதனைகளில் பெரும்பகுதியைக் கண், கை, ஒரு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலில் பாதுகாப்பு

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ 88 என்றோ எண் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறக்குறைய 118 பாகை வரை தாங்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். 110 பாகையில் இருந்த தண்ணீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியாக முகத்தில் அடிக்கும். முகமும் கையும் மார்பும் வெந்துபோகும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன.

எஞ்சினை நிறுத்திக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிய வேண்டும்; அமுக்கினால் அது தளர்ந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணியைப் போட்டு, மூடியை முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி, சத்தம் முழுவதும் அடங்கிய பின் கழற்றுங்கள்.

கேபினைச் சாய்த்து வேலை செய்யும்போது தாங்குகம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்பே தலையை உள்ளே விட வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். எஞ்சின் ஓடும்போது தொங்கும் துணி, துண்டு, சங்கிலி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. சுருட்டிய செய்தித்தாளை ஃபேனுக்குள் நீட்டி அதன் பலத்தைப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பழைய பிளாஸ்டிக் இறக்கை உடைந்து பறந்தால் ஆளையும் வெட்டும், ரேடியேட்டரையும் கிழிக்கும்.

கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. வெந்து விரிந்திருக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

நிற்கும்போது ஏன் சூடேற வேண்டும்?

டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கிறது. எனவே அது உண்டாக்கும் சூடும் குறைவு. கோளாறு இல்லாத டீசல் லோரியை நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் முள் ஏறாது. பல லோரிகளில் சற்று இறங்கவே செய்யும். நின்ற இடத்தில் முள் ஏறுகிறது என்றால் குளிர்விக்கும் அமைப்பில் ஏதோ ஒன்று நன்றாகவே பழுதாகியிருக்கிறது என்று பொருள். வெயில் காலம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானாகப் புகுகிறது. நின்றுவிட்டால் ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே உண்டு. எஞ்சின் சுற்று குறைவதால் ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது, தண்ணீர் பம்ப்பும் மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் நிற்கும்போது அது வெளியே தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாரத்தோடு மேடு ஏறி வந்து உடனே நின்றால் முள் சற்று ஏறுவது இயல்பு. இரும்பில் தங்கிய சூடு தண்ணீருக்கு வருவதால் அப்படி ஆகிறது. சில நிமிடங்களில் இறங்கிவிட்டால் கவலை வேண்டாம். இறங்காமல் மேலும் ஏறினால் அது கோளாறு.

முள் சொல்வது உண்மையா?

பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் முள் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். பழைய லோரிகளில் சென்சார், கம்பி, எர்த் இணைப்பு மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. பெரிய விளக்கைப் போட்டதும் வெப்ப முள் துள்ளினால் எர்த் கோளாறாக இருக்கலாம். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றித் துருவைத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள்.

தொடாமலே வெப்பம் காட்டும் துப்பாக்கி வடிவ வெப்பமானி இப்போது வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தெர்மோஸ்டாட் உறையின் மேல் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் வெற்று உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எனவே சாயம் பூசிய இடத்திலோ ரப்பர் ஹோஸின் மேலோ அளவெடுக்க வேண்டும். சூடான எஞ்சினில் 80 முதல் 95 பாகை வரை இயல்பு. 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முள் சொல்வது உண்மைதான்.

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. தண்ணீர் வெகுவாக வற்றிப்போனால் சென்சாரைச் சுற்றி நீர் இராது. அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்; முள்ளோ கீழே விழுந்துவிடும். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். உடனே நிறுத்திக் கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியவை

இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்புவதற்கு முன் பார்ப்பதே நல்லது. பத்து நிமிடம் போதும்.

தண்ணீர் அளவு: துணைப் போத்தலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. மூடி பழுதானால் போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே பாருங்கள்.

தண்ணீரின் நிறம்: செம்மண் குழம்பு போல் இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கட்டோ சந்தேகம். ஆயில் அளவுக் கம்பியில் பால் போன்ற கலவை ஒட்டியிருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அந்த லோரியைக் கிளப்பாமல் பட்டறைக்குச் சொல்லுங்கள்.

மூடி: ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் பிடிக்காத மூடியில் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். மாற்றும்போது பழைய மூடியில் உள்ள அதே எண் கொண்ட மூடியையே வாங்க வேண்டும். அழுத்தம் கூடுதலான மூடி பழைய ரேடியேட்டரின் இணைப்புகளைப் பிளந்துவிடும்.

பெல்ட்: இரண்டு கப்பிகளுக்கு நடுவே கட்டை விரலால் பலமாக அழுத்தினால் பெல்ட் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி போல் பளபளத்தால் அது வழுக்குகிறது. பெல்ட் கப்பியின் பள்ளத்தில் அடிவரை இறங்கி உட்கார்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது. இரட்டைப் பெல்ட் உள்ள எஞ்சினில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தண்ணீர் பம்ப்: அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே ஈரமோ உப்புக் கோடோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைப்பது தீர்வாகாது. ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப் பேரிங்கோ ஃபேன் கிளச்சோ தேய்ந்திருக்கிறது.

நின்ற இடத்தில் ஒரு சோதனை

காரணத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் சோதனை இது. லோரியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். கை பிரேக், சக்கரக் கட்டை, நியூட்ரல். ஏர்கோனை அணைத்துவிடுங்கள். எஞ்சின் சூடேறிய பின் சும்மா ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைத் தாளில் குறியுங்கள். முள் ஏறத் தொடங்கியதும் கெலிண்டானை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, சுற்றை 1,500க்கு உயர்த்தி மூன்று நிமிடம் பிடியுங்கள். பிறகு பழைய சுற்றுக்கு இறக்கி ஏர்கோனைப் போட்டுப் பாருங்கள். 105 பாகையைத் தொட்டால் சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

சும்மா நிற்கையில் ஏறி, 1,500 சுற்றில் இறங்கினால்: ஃபேனோ பம்ப்போ குறைந்த சுற்றில் போதிய வேலை செய்யவில்லை. பெல்ட், தண்ணீர் அளவு, எஞ்சினின் ஐட்லிங் சுற்று, பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

1,500 சுற்றிலும் இறங்காமல், லோரி சாலையில் ஓடினால் மட்டும் இறங்கினால்: காற்றுதான் பிரச்சினை. ஃபேன் கிளச், ஃபேன் உறை, ரேடியேட்டரின் வெளிப்புற அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஏர்கோன் போட்டால் மட்டும் ஏறினால்: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏர்கோன் கண்டென்சர் அடைத்திருக்கலாம். அல்லது ஃபேனின் பலம் ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது.

நின்றாலும் ஓடினாலும் ஏறினால்: தண்ணீர் குறைவு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டரின் உள்ளடைப்பு, ஹெட் கேஸ்கட் என்ற வரிசையில் போக வேண்டும்.

முள் மேலும் கீழும் துள்ளினால்: உள்ளே காற்றோ எரிவாயுவோ சுற்றுகிறது, அல்லது மின்னிணைப்புக் கோளாறு.

இதே நேரத்தில் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகக் கொதித்தால் தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை, காற்று போதவில்லை. மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் மிகவும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓட்டம் மந்தமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் உள்ள எஞ்சின்களில், எஞ்சின் கொதித்தும் மேல் ஹோஸ் சூடேறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

காற்று: பெரும்பாலும் இங்கேதான்

நிற்கும்போது மட்டும் சூடேறும் லோரியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றுப் பக்கத்தைத்தான்.

ஃபேன் கிளச். பல லோரிகளில் ஃபேனின் நடுவே வட்டமான உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் கெட்டியான சிலிகான் எண்ணெய் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து சூடான காற்று வந்தால் முன்புறமுள்ள உலோகச் சுருள் விரிந்து, எண்ணெயை உள்ளே விட்டு, ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். காலப்போக்கில் அந்த எண்ணெய் கசிந்துவிடும். பெட்டியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஆரம் ஆரமாக எண்ணெய் அழுக்கு படிந்திருந்தால் அதுவே அடையாளம். சூடான எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல கிளச் கனமாக எதிர்க்கும். தள்ளிவிட்டதும் பல சுற்று தானாகச் சுற்றினால் கிளச் செத்துவிட்டது. அதற்காகக் கிளச்சைப் பற்றவைத்து இறுக்கிவிடுவது சரியான வழியன்று. ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றி டீசலைத் தின்னும். இறக்கைக்கும் பம்ப் பேரிங்குக்கும் கேடு.

ஃபேன் உறை. ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு இணைந்திருக்கும் கூடு அது. பழைய லோரிகளில் அது வெடித்துவிட்டால், வேலை செய்ய இடைஞ்சல் என்று கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிடுவார்கள். உறை இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. பக்கத்தில் கிடைக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றிவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பழைய இரும்புக் கடையில் பொருத்தமான உறையைத் தேடி வாங்கிப் போட்டாலே பல லோரிகள் சரியாகிவிடும். ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் ரப்பர், ஸ்பாஞ்ச் பட்டைகளும் முக்கியம். அவை இல்லாவிட்டால் பின்னால் தள்ளப்பட்ட சூடான காற்று முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும்.

அடைப்பு. தோட்டத்துச் செம்மண் தூசி, செம்பனை நார், பூச்சிகள், ஆயில் கசிவு எல்லாம் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே களிமண் போல் இறுகிவிடும். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் குப்பை நிற்கும். பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தோட்டத்து ரப்பர் குழாயின் சாதாரண வேகத்தில் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் கருவியை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துபோகும்.

மாற்றுப் பாகம். எப்போதோ மாற்றிய ஃபேன் சிறியதாகவோ, முன்பின் மாற்றிப் பொருத்தப்பட்டதாகவோ இருக்கலாம். பழைய லோரியை வாங்கியவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்: ஓட்டமும் தரமும்

ரேடியேட்டரின் முகத்தில் வெப்பமானியை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நகர்த்திப் பாருங்கள். வெப்பம் சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. ஆற்றுத் தண்ணீர், குட்டைத் தண்ணீர் என்று கிடைத்ததை ஊற்றி ஓட்டிய லோரிகளில் இந்த அடைப்பு அதிகம். மண்ணும் உப்பும் எஞ்சினுக்குள்ளும் படியும். அந்தப் படிவு இரும்பின் சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. லேசான படிவுக்கு மருந்து விட்டுக் கழுவலாம். இறுகிப்போன ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது கோர் மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமன்று. துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதன் வேலைதான். அதைச் சுத்திகரித்த நீரில், போத்தலில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது.

தண்ணீர் மாற்றிய பிறகு சூடேறத் தொடங்கிய லோரியில் காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக நிரப்பி, காற்றுத் திருகு இருந்தால் தளர்த்தி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை சும்மா ஓடவிட்டு, அளவு இறங்க இறங்க நிரப்பி மூட வேண்டும். அந்த நேரத்தில் முகத்தை வாய்க்கு நேராக நீட்டாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

நம்மவர்களிடம் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடு என்பார்கள். பல எஞ்சின்களில் இது நிலைமையை மோசமாக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். இன்னொரு பக்கம், பாரமில்லாமல் ஓடும்போது எஞ்சின் போதிய சூடு பெறாது. டீசல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் விரைவில் தேயும்.

சோதிப்பது எளிது. தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். திறக்க வேண்டிய வெப்பம் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக 76 முதல் 88 பாகைக்குள் இருக்கும். அந்த அளவில் திறக்கத் தொடங்கி, மேலும் 10, 15 பாகைக்குள் முழுதும் திறக்க வேண்டும். ஆறியதும் முழுதும் மூட வேண்டும். மறுபடி பொருத்தும்போது அதிலுள்ள சிறு காற்றுத் துளை மேல் பக்கம் இருக்கட்டும்.

ஹெட் கேஸ்கட்டா, காற்று கம்ப்ரஸரா?

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி இரண்டு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் போல் இறுகினால் எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது. ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். துணைப் போத்தல் நிரம்பி வழியும். பட்டறைகளில் நீல மருந்து விட்டுச் சோதிக்கும் கருவி உண்டு. எரிவாயு பட்டால் மருந்து மஞ்சளாகும். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது புகையில் கரிவாயு குறைவு என்பதால் மருந்து நிறம் மாறாமலே ஏமாற்றலாம். லோரியைப் பாரத்தோடு ஓட்டி வந்த கையோடு, முறைப்படி மூடியைத் திறந்த பிறகு, சற்று நீண்ட நேரம் சோதிக்கச் சொல்லுங்கள்.

காற்றுப் பிரேக் உள்ள லோரிகளில் இன்னொரு சந்தேகம் கட்டாயம் எழ வேண்டும். அவற்றின் காற்று கம்ப்ரஸரில் பெரும்பாலானவை எஞ்சின் தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. கம்ப்ரஸரின் கேஸ்கட் போனால் காற்று நேராகத் தண்ணீருக்குள் போகும். குமிழியும் வரும், போத்தலும் வழியும், லோரியும் சூடேறும். அடையாளங்கள் ஹெட் கேஸ்கட்டைப் போலவே இருப்பதால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிறகு அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்து வருந்த நேரிடும். வேறுபடுத்த ஒரு வழி உண்டு. காற்றுத் தொட்டி நிரம்பி, கம்ப்ரஸர் காற்று ஏற்றுவதை நிறுத்தும்போது குமிழியும் நின்றாலோ குறைந்தாலோ கம்ப்ரஸர்தான் காரணமாக இருக்கும். பிரேக்கை மிதித்துக் காற்றைக் குறைத்து, மீண்டும் ஏற்றும்போது குமிழி திரும்ப வருகிறதா என்று பாருங்கள். நிறமாற்ற மருந்தும் வெறும் காற்றுக்கு மாறாது.

எளிதில் மறந்துபோகும் மூன்று

எக்சோஸ்ட் பிரேக்: புகைக்குழாயில் உள்ள அதன் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் சூடு எஞ்சினிலேயே தங்கும். ஆள் ஒருவர் சுவிட்சைப் போட்டு அணைக்க, அதன் கை முழுதும் திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஐட்லிங் சுற்று: டீசல் மிச்சமாகும் என்று சுற்றை மிகவும் குறைத்து வைத்திருப்பார்கள். ஃபேனும் பம்ப்பும் அந்த அளவுக்கு மெதுவாகும். கேபின் அடியில் உள்ள தகட்டிலோ கையேட்டிலோ சொன்ன அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

டீசல் பம்ப் டைமிங்: பம்ப்பைக் கழற்றிப் பூட்டிய பிறகு சூடேறத் தொடங்கியிருந்தால் டைமிங் தாமதமாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாமதமானால் புகை கூடும், இழுவை குறையும்.

வரிசையில் முள் ஏறினால் என்ன செய்வது?

முதலில் ஏர்கோனை அணையுங்கள். நியூட்ரலில் போட்டுச் சுற்றை 1,200 முதல் 1,500க்கு உயர்த்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். முள் இறங்கினால் அப்படியே சமாளித்து இறக்கிவிட்டு வரலாம். முன்னால் உள்ள லோரியின் புகைக்குழாய்க்கு நெருக்கமாக நிற்காமல் இடைவெளி விடுங்கள். முள் இறங்காவிட்டாலோ, ஆவி வந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் எஞ்சினை அணைத்துவிடுங்கள். வரிசையில் இடம் போனாலும் எஞ்சின் மிஞ்சும். சாலையில் என்றால் ஓரமாக ஒதுக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்துவிட்டுத் தடுப்புக்கு அப்பால் நின்று காத்திருங்கள்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

லோரி சூடேறுகிறது என்று மட்டும் சொன்னால் ஊகத்தில் பாகம் மாற்றும் வேலைதான் நடக்கும். நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா. எத்தனை நிமிடத்தில், எத்தனை பாகை. சுற்றை உயர்த்தினால் இறங்குகிறதா. ஏர்கோன் போட்டால் மாறுகிறதா. வாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது. கடைசியாக என்ன மாற்றினீர்கள். இந்த ஆறு விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வேலை செய்யும் வரிசையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முள்ளைச் சரிபார்த்தல், தண்ணீர், மூடி, பெல்ட், ரேடியேட்டர் வெளிச் சுத்தம், ஃபேன் உறை, ஃபேன் கிளச், தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் உள் சுத்தம் ஆகியவற்றுக்குப் பிறகே ஹெட். குமிழியோ ஆயிலில் தண்ணீரோ கண்ணால் பார்த்தால் தவிர, முதல் நாளிலேயே ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவேளை கழற்றினால், ஹெட்டின் சமதளத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டின் மேல் புதிய கேஸ்கட் போட்டால் அது நீண்ட நாள் தாங்காது.

சரிசெய்த பிறகு அதே நின்ற இடச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். ஏர்கோன் போட்ட நிலையில் அரை மணி நேரம் நின்றும் முள் நடுவைத் தாண்டவில்லை என்றால் மட்டுமே வேலை முடிந்தது என்று கொள்ளலாம். அந்த அளவுகளை எழுதிக் கேபினில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை முள் இரண்டு கோடு கூடுதலாக ஏறினாலே தெரிந்துவிடும். ஆலை வாசலில் ஆவி கிளம்பும் வரை காத்திருக்க வேண்டியிராது.